கணவரின் புற்றுநோய்ப் பரிசோதனைத் தாள்கள்: எந்தத் தாள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

பட்டர்வொர்த்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் அனுப்பிய கேள்வியின் சாரம் இது. அவருடைய கணவருக்கு வயது 54. பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் புற்றுக்கட்டி கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையில் அது அகற்றப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் பினாங்கு மருத்துவமனையின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் முதல் சந்திப்பு. கையில் ஒரு கோப்பு நிறையத் தாள்கள். அறுவை நிபுணர் 'மூன்றாம் நிலை' என்றார். திசு ஆய்வு அறிக்கையிலோ 'கிரேட் 2' என்று இருக்கிறது. இரண்டு நிணநீர்க் கணுக்களில் புற்று இருப்பதைப் படித்த உறவினர் ஒருவர், உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று சொல்லிவிட்டார். திருச்சியில் இருக்கும் மைத்துனர், புலனத்தில் அனுப்பிய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 92 என்றால் சிறுநீரகம் போய்விட்டது என்று பதறியிருக்கிறார். சி.இ.ஏ. என்ற அளவு அறுவைக்கு முன் 18.6, அறுவைக்குப் பின் பத்தாம் நாள் 7.1. அது 5-க்குக் கீழே வரவில்லையே என்பது இன்னொரு கவலை. கடைசியாக, சி.டி. ஸ்கேன் அறிக்கையில் கல்லீரலில் 6 மில்லிமீட்டர் அளவில் ஏதோ இருப்பதாக ஒரு வரி. கணவரோ தாள்களைத் தொடவே மறுத்து, "நீயே பார்த்துக்கொள்" என்கிறார்.

சகோதரி, நான் மருத்துவர் இல்லை. பினாங்கில் திசு ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்கள் கணவருக்கு எந்தச் சிகிச்சை சரி என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் இந்தத் தாள்கள் எப்படி உருவாகின்றன, ஒவ்வொன்றும் எதைச் சொல்லக்கூடியது, எதைச் சொல்ல இயலாதது என்பதை என்னால் விளக்க முடியும். எந்தப் பரிசோதனையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் செய்யப்படுகிறது. அந்தக் கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலை மட்டும் படித்தால் எல்லா வரியும் ஒரே அளவு அச்சமூட்டுவதாகத் தோன்றும். உங்கள் பட்டியலில் இருப்பவற்றுள் பல பயப்பட வேண்டாதவை. நீங்கள் கடைசியில் எழுதிய அந்தக் கல்லீரல் வரிதான், என் கணிப்பில், முதலில் நிற்க வேண்டியது. அது ஏன் என்பது திசு ஆய்வு அறிக்கையைப் புரிந்துகொண்ட பிறகுதான் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அறுவை அரங்கில் வெட்டி எடுக்கப்பட்ட குடல் துண்டு, அதனோடு ஒட்டிய கொழுப்புத் திசுவுடன், ஃபார்மலின் திரவம் நிறைந்த கலனில் ஆய்வுக்கூடத்திற்கு வருகிறது. திசு கெட்டிப்பட ஓர் இரவாவது வேண்டும். அதன் பிறகு குடலைத் திறந்து, கட்டியின் நீள அகலத்தையும் இரு முனைகளிலிருந்து அதன் தொலைவையும் அளந்து, கட்டியைக் குறுக்காகச் சீவி, அது குடற்சுவரின் எந்த அடுக்குவரை ஊடுருவியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அடுத்ததுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை: அந்த மஞ்சள் கொழுப்பை விரலால் அழுத்தி அழுத்தி, உள்ளே புதைந்திருக்கும் நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். பல கணுக்கள் பச்சைப்பயறு அளவில்கூட இருக்காது. எடுத்தவை சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ஆல்கஹாலில் நீர் நீக்கப்பட்டு, உருகிய மெழுகில் பதிக்கப்படுகின்றன. அந்த மெழுகுக் கட்டியை 3 அல்லது 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றிச் சாயமிட்ட பிறகே திசு நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். அறிக்கை வர இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆவதற்கு இதுவே காரணம். தாமதமாகிறது என்பதற்காக மோசமான செய்தியை மறைக்கிறார்கள் என்று எண்ணும் குடும்பங்கள் ஏராளம்; அப்படி எதுவும் இல்லை.

உங்கள் அறிக்கையில் 'பிடி3 என்1பி' (pT3 N1b) என்று இருப்பதாகச் சொன்னீர்கள். முதலிலுள்ள 'பி' (p), இது நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது என்பதைக் காட்டுகிறது. ஸ்கேன் பார்த்து மதிப்பிட்டதாக இருந்தால் அங்கே 'சி' இருக்கும். இரண்டும் மாறுபட்டால் 'பி' உள்ளதையே நம்புங்கள். 'டி3' என்றால், கட்டி குடற்சுவரின் தசை அடுக்கைத் தாண்டி வெளிக்கொழுப்பைத் தொட்டுவிட்டது, ஆனால் குடலின் மேலுறையையோ பக்கத்து உறுப்பையோ துளைக்கவில்லை. துளைத்திருந்தால் அது 'டி4'. 'என்1பி' என்றால் இரண்டு அல்லது மூன்று கணுக்களில் புற்று இருக்கிறது. நான்கும் அதற்கு மேலும் இருந்தால் 'என்2' ஆகியிருக்கும். உங்கள் கணவருக்கு 17 கணுக்களைப் பார்த்து இரண்டில் கண்டிருக்கிறார்கள். இந்த 17 என்ற எண்ணையும் கவனியுங்கள். குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். நான்கைந்து கணுக்களை மட்டும் பார்த்துவிட்டு 'கணுக்களில் புற்று இல்லை' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு வலு குறைவு. இங்கே தேடல் போதுமான அளவு நடந்திருக்கிறது.

அந்த இரண்டு கணுக்கள் உடம்பெல்லாம் பரவியதற்குச் சான்று ஆகா. அவை குடலை ஒட்டியிருந்த கணுக்கள். அறுவையில் குடலோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டன. ஆனாலும் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை: கணுக்கள்வரை சென்ற புற்றணுக்களுள் சில, எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவில், வேறெங்கேனும் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைக் குறைப்பதற்காகத்தான் கட்டியை எடுத்த பிறகும் கீமோதெரபி தருகிறார்கள்.

'கிரேட் 2' என்பது அணுக்களின் தோற்றத்தைப் பற்றியது. புற்றணுக்கள் இயல்பான குடலணுக்களைப் போல எவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கின்றன என்பதை அது சொல்கிறது. 2 என்றால் நடுத்தரம், மிகப் பெரும்பாலான பெருங்குடல் புற்றுகள் இந்த வகைதான். 'நிலை' என்பது புற்று எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பது. ஆகவே கிரேட் 2 என்று தாளில் இருப்பதும் மூன்றாம் நிலை என்று மருத்துவர் சொன்னதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வெட்டிய விளிம்புகளில் புற்று இல்லை என்று இருக்கிறதா, இரத்தக்குழாய், நிணநீர்க்குழாய், நரம்பு ஆகியவற்றினுள் ஊடுருவல் இருக்கிறதா என்ற வரிகளையும் அதே தாளில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அவற்றையும் எடைபோடுவார்.

இப்போது கல்லீரலுக்கு வருவோம். நிலையைத் தீர்மானிக்க மூன்று எழுத்துகள் வேண்டும்: 'டி', 'என்', 'எம்'. முதல் இரண்டையும் ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. மூன்றாவதான 'எம்', அதாவது வேறோர் உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்பது, குடல் துண்டைப் பார்த்துச் சொல்லக்கூடியதில்லை. அதைச் சொல்ல வேண்டியது ஸ்கேன்தான். உங்கள் அறுவை நிபுணர் மூன்றாம் நிலை என்று சொன்னபோது, அந்த 6 மில்லிமீட்டர் புள்ளி புற்றாக இருக்காது என்ற மதிப்பீடும் அதற்குள் அடங்கியிருக்கிறது; அது புற்றானால் நிலை நான்காகிவிடும். அந்த மதிப்பீடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெருங்குடல் புற்று உள்ளவர்களின் சி.டி. படங்களில் காணப்படும் இத்தகைய சிறு புள்ளிகளில் பெரும்பாலானவை நீர்க்கட்டிகளாகவோ இரத்தக்குழாய் முடிச்சுகளாகவோதான் முடிகின்றன. அறிக்கையில் 'டூ ஸ்மால் டு கேரக்டரைஸ்', அதாவது இன்னதென்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது, என்று எழுதியிருப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒன்றின் அடர்த்தியைச் சி.டி. படத்தில் நம்பகமாக அளக்க முடியாது. அதனால்தான் அந்தச் சொற்கள். அவை நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. கேள்வி திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள்.

அதனால்தான் அடுத்த வாரச் சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும் என்கிறேன்: "கல்லீரலில் உள்ள அந்தப் புள்ளியைப் பற்றி என்ன முடிவு செய்திருக்கிறீர்கள், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதா, அல்லது சில மாதங்கள் கழித்து மறுபடி சி.டி. எடுத்து ஒப்பிடுவதா?" கல்லீரலுக்கென்றே உள்ள சாய மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ., இவ்வளவு சிறியவற்றையும் பெரும்பாலும் அடையாளம் காட்டிவிடும். அவருக்கு இதற்கு முன் எப்போதாவது, பித்தப்பைக்கல்லுக்காகவோ வேறெதற்காகவோ, வயிற்று ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தப் படத்தைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், வேறு பரிசோதனை இல்லாமலே கவலை தீர்ந்துவிடக்கூடும். தனியார் மருத்துவமனையில் எடுத்ததாக இருந்தால் அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பிடுவதற்குப் படங்கள்தான் வேண்டும்.

சி.இ.ஏ. பற்றி உங்கள் கவலை புரிகிறது, ஆனால் பத்தாம் நாள் எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இது புற்றணுக்கள் இரத்தத்தில் வெளியிடும் ஒரு புரதம். கட்டியை எடுத்த மறுநாளே அது மறைந்துவிடாது. இருக்கும் அளவு பாதியாகக் குறைய மூன்று நாள் முதல் ஒரு வாரம்வரை ஆகும். 18.6 இருந்தது பத்து நாளில் 7.1 ஆகியிருக்கிறது என்றால் எதிர்பார்த்த வழியில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து எடுக்கும் அளவே இனி ஒப்பீட்டுக்கு அடிப்படை. அப்போதும் 5-க்கு மேலேயே நின்றால் மருத்துவர் காரணம் தேடுவார். புகைப்பவர்களுக்கு இது இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். கல்லீரல் அழற்சியிலும் கணைய அழற்சியிலும் கூடும். உங்கள் கணவர் புகைப்பவர் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து கலந்த கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில் இந்த எண் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. இது தெரியாததால் மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் உடைந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கூடுமானவரை ஒரே ஆய்வுக்கூடத்திலேயே தொடர்ந்து எடுங்கள். கருவி மாறினால் எண்ணும் சற்று மாறும்.

திருச்சி மைத்துனருக்கு ஆறுதல் சொல்லுங்கள். மலேசிய ஆய்வுக்கூடங்கள் கிரியேட்டினினை லிட்டருக்கு மைக்ரோமோல் என்ற அலகில் தருகின்றன. தமிழ்நாட்டில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். நம் எண்ணை 88.4 ஆல் வகுத்தால் அவர்கள் எண் கிடைக்கும். 92 என்பது அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 1.04, அதாவது ஆண்களுக்கு இயல்பான அளவு. சர்க்கரைக்கும் இதே சிக்கல்: இங்கே 7 என்றால் அங்கே 126, நம் எண்ணை 18 ஆல் பெருக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்குத் தாளை அனுப்பும்போது எண்ணோடு அலகும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். கீமோவில் தரப்படும் கேப்சிட்டபின் மாத்திரையின் அளவைச் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தே தீர்மானிப்பதால், இனி ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இந்த எண்ணைப் பார்ப்பார்கள்.

ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரிப் பருமன்) 71 என்று எழுதியிருந்தீர்கள். குடலில் இருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக இரத்தம் கசியவிடுவதால் இரும்புச்சத்து வற்றிப்போவது வழக்கம். அணுக்கள் சிறுத்திருப்பது அதற்குப் பொருந்துகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறுத்தே இருக்கும் என்பதால், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா என்று கேளுங்கள். மற்றபடி, தாளில் அங்கங்கே அச்சாகியிருக்கும் 'எச்' (கூடுதல்), 'எல்' (குறைவு) குறிகள் ஒவ்வொன்றுக்கும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். நலமாக இருக்கும் நூறு பேரில் 95 பேரின் அளவு அடங்கும்படிதான் பெரும்பாலான இயல்பு வரம்புகள் வகுக்கப்படுகின்றன. இருபது பரிசோதனை செய்தால் நல்ல உடம்புக்காரருக்கே ஒன்று வரம்பு தாண்டுவது சாதாரணம்.

கீமோ தொடங்கிய பிறகு நீங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. வெள்ளையணு மொத்த எண்ணிக்கையை, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் விழுக்காட்டால் பெருக்கி 100 ஆல் வகுக்க வேண்டும். மொத்தம் 3.4, நியூட்ரோஃபில் 38 விழுக்காடு என்றால் 1.29 வரும். பொதுவாக 1.5-க்குக் கீழே இருந்தால் அந்தச் சுற்றை ஒரு வாரம் தள்ளிவைப்பார்கள். அப்படித் தள்ளினால் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மச்சை மீளக் காத்திருக்கிறார்கள். ஆனால் கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல், பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் எண்ணாமல், இரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பட்டர்வொர்த் உள்ளிட்ட நிலப்பகுதியான செபராங் பிறையில் இருப்பவர்கள் பாலம் கடந்து தீவுக்குப் போக வேண்டுமே என்று விடியும்வரை தயங்குவது எனக்குத் தெரியும். அருகிலுள்ள அவசரப் பிரிவு எதுவோ அங்கே போய், கீமோ நடப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சிகிச்சைக் காலம் எவ்வளவு என்ற கேள்விக்கும் திசு ஆய்வுத் தாளே அடிப்படை. 2018-இல் வெளியான, 12 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட மூன்றாம் நிலை நோயாளிகளின் தரவைத் தொகுத்த ஆய்வு, 'டி3' வரையும் 'என்1' வரையும் உள்ளவர்களுக்கு ஆக்ஸாலிபிளாட்டினும் கேப்சிட்டபினும் சேர்ந்த சிகிச்சை மூன்று மாதம் கொடுத்தாலே ஏறக்குறைய ஆறு மாதச் சிகிச்சையின் பலன் கிடைப்பதைக் காட்டியது. 'டி4' அல்லது 'என்2' என்றால் ஆறு மாதம் தேவைப்படலாம். ஆக்ஸாலிபிளாட்டின் விரல் நுனிகளில் ஏற்படுத்தும் மரமரப்பு சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது என்பதால் இந்த மூன்று மாத வேறுபாடு சிறியதன்று. உங்கள் கணவர் கையால் நுணுக்க வேலை செய்பவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கீமோ தொடங்குவதானால் அறுவைக்குப் பின் எட்டு வாரத்திற்குள் தொடங்குவது நல்லது என்பதால், எம்.ஆர்.ஐ. எடுப்பதாக முடிவானால் அதற்கான தேதியையும் இதே சந்திப்பிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கணவர் தாள்களைத் தொட மறுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அறிக்கைகளின் நகலை மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கேட்கும்போது நோயாளியின் கையொப்பமிட்ட ஒப்புதலைக் கேட்பார்கள். மனைவி என்பது மட்டும் போதாது. அந்தக் கையொப்பத்தை வாங்கும்போதே, "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், எதை நானே வைத்துக்கொள்ளட்டும்" என்று அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். சிலருக்கு அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும், எண்கள் வேண்டாம். அது அவருடைய உரிமை. ஆனால் அவர் ஒருநாள் கேட்டால் மறைக்காமல் சொல்லும் அளவுக்கு நீங்கள் தயாராக இருங்கள். இணையத்தில் காணும் ஐந்தாண்டு விழுக்காடுகளை இப்போது தேடாதீர்கள். அவை பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்ற ஆயிரக்கணக்கானோரின் சராசரி, கல்லீரல் கேள்வி முடிவாகாத நிலையில் எந்த வரிசையைப் பார்ப்பது என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

இனி பிள்ளைகளைப் பற்றி. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நான்கு புரதங்களும் 'இன்டாக்ட்' (குறைவின்றி உள்ளன) என்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அணுக்களின் மரபுப் பிழையைத் திருத்தும் புரதங்கள் இவை. நான்கும் இருப்பதால், பிள்ளைகளில் இருவரில் ஒருவருக்குக் கடத்தப்படக்கூடிய, புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லின்ச் நோய்க்குறிக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இருந்தாலும் தகப்பனுக்கு 54 வயதில் வந்திருப்பதால், பிள்ளைகள் 40 வயதில் குடல்நோக்கிப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். கணவரின் அண்ணனும் தங்கையும் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் இப்போதே செய்துகொள்ள வேண்டும். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசிய ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது இந்தப் புற்றுதான். சுகாதாரக் கிளினிக்குகளில் செய்யும் மலப் பரிசோதனை குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் வராதவர்களுக்கானது. உடன்பிறந்தவருக்கு வந்திருக்கும்போது அது போதாது. அண்ணனிடம் அந்தத் திசு ஆய்வு அறிக்கையின் நகல் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், குடல்நோக்கிப் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.